தொப்புள்கொடியில் தங்கிய பாதரசம்

பிள்ளையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்திச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். மினமாட்டாவில் அந்தப் பெட்டிகள் சாட்சியாயின.

கியூஷு தீவின் இந்தக் கடலோர ஊரில், சிஸ்ஸோ ஆலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கியான பாதரசத்தில் ஒரு பங்கு மெத்தில் பாதரசமாக மாறி, கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்து, மீனிலும் சிப்பியிலும் சேர்ந்தது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன. மனிதருக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவான நாள் 1956 மே 1.

நச்சை அளக்கத் தலைமுடி போதும். அது மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால் எந்த மாதத்தில் எவ்வளவு பாதரசம் உடலில் இருந்தது என்பது தெரியும். இங்கு ஒரு நோயாளியின் முடியில் 705 பிபிஎம் இருந்தது. பெரியவர்களுக்கு நரம்புக் கோளாறு தொடங்கக்கூடிய அளவாகப் பின்னாளில் கருதப்பட்டது வெறும் 50.

கருவில் இருந்த குழந்தைகளுக்கு யார் முடி எடுத்து வைத்திருந்தார்கள்? நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்றே அன்றைய மருத்துவம் நம்பியது. மருத்துவர் ஹராடா மசசுமி வீடுகளிலிருந்து தொப்புள்கொடிகளைத் திரட்டினார். ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடிகளில் மெத்தில் பாதரசமும் ஏறியிருந்தது.

பாதரசத்தை அளக்கும் பரவலான முறை ஒன்று: மாதிரியை அமிலத்தில் கரைத்து, வெள்ளீயக் குளோரைடு சேர்த்தால் பாதரசம் ஆவியாகும். அந்த ஆவி 253.7 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறதோ, அதுவே கணக்கு. கண்ணாடிக் குடுவையையும் முன்கூட்டியே அமிலத்தில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் குடுவையின் அழுக்கும் கணக்கில் ஏறிவிடும்.

சிஸ்ஸோ ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிப்பை நிறுத்தியது 1968இல்.