கட்டிப்போட்ட படகில் கைவரிசை... உங்கள் என்ஜின் நம்பர் உங்களுக்கு தெரியுமா?

சாயங்காலம் கரைக்கு வந்த பைபர் படகை மணலில் ஏற்றி, கயிறு போட்டு கட்டிவிட்டு வீட்டுக்கு போகிறார் மீனவர். விடியற்காலை 3 மணிக்கு வலையை தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் படகு இருக்கிறது. கயிறும் இருக்கிறது. பின்னால் மாட்டியிருந்த என்ஜினை மட்டும் காணோம்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று வடசென்னை கடற்கரை முழுக்க மீனவர்களின் தூக்கத்தை கெடுக்கும் பயம் இதுதான். ஒரு அவுட்போர்டு என்ஜின் விலை லட்சம் ரூபாயை தாண்டும். பெரும்பாலும் கடன் வாங்கி போட்டது. என்ஜின் போனால் அந்த படகை நம்பி கடலுக்கு போகும் 3, 4 குடும்பங்களுக்கும் அடுப்பு எரியாது. வட்டி மட்டும் ஒரு நாள் கூட நிற்காமல் ஓடும்.

போன என்ஜின் திரும்ப கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் திருடனை எவ்வளவு வேகமாக துரத்தினோம் என்பதில் இல்லை. திருட்டு நடப்பதற்கு முன்னாடியே நாம் செய்து வைத்த சில சின்ன வேலைகளில்தான் இருக்கிறது.

2 பேர் போதும், 10 நிமிடம் போதும்

பைபர் படகில் மாட்டும் 9.9 குதிரை சக்தி என்ஜினின் எடை சுமார் 40 கிலோ. 2 ஸ்குரு கிளாம்ப், கூடவே ஒன்றிரண்டு போல்ட். ஸ்பேனர் வைத்திருக்கும் 2 ஆட்கள் ஆளுக்கு ஒரு கை பிடித்தால் அலேக்காக தூக்கிவிடலாம். எண்ணூர் விரைவு சாலையை ஒட்டியே பல குப்பங்கள் இருக்கின்றன. மணலை தாண்டினால் ரோடு, ரோட்டில் ஒரு மினி வேன். அதோடு கதை முடிந்தது.

விசைப்படகில் என்ஜின் உள்ளே இருப்பதால் அதை அவ்வளவு சுலபமாக கழற்ற முடியாது. ஆனால் மற்ற சாமான்கள் ஏராளம். ஜி.பி.எஸ். கருவி, எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி, பேட்டரி, கியாஸ் சிலிண்டர், பீப்பாய் பீப்பாயாக டீசல். வலை என்றால் முழு வலையை தூக்க வேண்டிய அவசியம் கூட கிடையாது. கீழே கோர்த்திருக்கும் ஈயக்குண்டுகளை மட்டும் கத்தியால் அறுத்து எடுத்தால் காயலான் கடையில் நல்ல காசு. 500 ரூபாய் ஈயத்துக்காக பல ஆயிரம் ரூபாய் வலையை நாசமாக்கிவிட்டு போவார்கள். மீனவர்களுக்கு வயிறு எரிவது இதில்தான்.

பழுது பார்க்க படகை கரையேற்றும்போது இன்னொரு ஆபத்து. தண்ணீருக்குள் மறைந்திருந்த விசிறி, அதாவது புரொப்பல்லர், வெளியே தெரியும். அது வெண்கலம். எடைக்கு போட்டாலே கணிசமான தொகை.

61 நாள் காலியாக கிடக்கும் படகு

கிழக்கு கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந்தேதி முதல் ஜூன் 14-ந்தேதி வரை மீன்பிடி தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் இருந்து 61 நாள் ஆகிவிட்டது. இந்த 2 மாதமும் விசைப்படகுகள் கரையில்தான். ஆந்திராவில் இருந்தும், நாகை, கடலூர் பக்கம் இருந்தும் வந்து வேலை செய்யும் தொழிலாளிகள் ஊருக்கு போய்விடுவார்கள். ராத்திரி படகிலேயே படுத்து தூங்கும் ஆட்களும் இருக்க மாட்டார்கள்.

காசிமேடு மீன்பிடி துறைமுகம் 1984-ல் செயல்பாட்டுக்கு வந்தது. இன்று அங்கே இடம் போதாமல் ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிசை வரிசையாக படகுகள் நிற்கின்றன. ஒரு படகில் ஏறினால் அப்படியே தாண்டித் தாண்டி 10 படகுக்கு நடந்து போகலாம். மீன் வாங்க வருபவர், ஐஸ் ஏற்றுபவர், பெயிண்ட் அடிப்பவர், வலை பின்னுபவர் என்று ஆயிரம் பேர் புழங்கும் இடத்தில் யார் எந்த படகு ஆள் என்று யார் கேட்பது?

ஒவ்வொரு படகுக்கும் தனியாக வாட்ச்மேன் போட எல்லோராலும் முடியாது. பக்கத்து பக்கத்தில் நிற்கும் 10 படகு உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு ஆளை வைத்தால் செலவு பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஆளிடம் 10 படகின் நம்பரும், யார் யாருக்கு அதில் ஏற அனுமதி என்ற விவரமும், முதலாளிகளின் செல்போன் நம்பரும் இருக்க வேண்டும். வெறுமனே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் பிரயோஜனம் இல்லை.

கழற்றி எடுக்க முடிந்த எதையும் தடைக்காலத்தில் படகில் விடக்கூடாது. ஜி.பி.எஸ்., வாக்கி டாக்கி, பேட்டரி எல்லாம் வீட்டுக்கு போய்விட வேண்டும். ஜி.பி.எஸ். விலையை விட பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எங்கே மீன் கிடைக்கும், எங்கே பாறையில் வலை சிக்கும் என்று பல வருஷமாக பதிந்து வைத்த இடங்கள் எல்லாம் அந்த பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதை கடையில் வாங்க முடியாது. ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

பூட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

சென்னை துறைமுகத்துக்கு உள்ளே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. 1911-ல் தொடங்கியது. அங்கே நிற்கும் பாய்மர படகுகளுக்கு மத்திய தொழில் பாதுகாப்பு படை காவல் காக்கும் துறைமுக கேட்டே பெரிய பூட்டு மாதிரி. குப்பத்து மணலில் நிற்கும் பைபர் படகுக்கு கேட் ஏது?

வெளிநாட்டு உல்லாச படகுகளுக்கான இன்சூரன்ஸ் விதி ஒன்று இங்கேயும் யோசிக்க வேண்டியது. அவுட்போர்டு என்ஜின் திருடு போனால் பணம் கிடைக்க வேண்டுமானால், வழக்கமான கிளாம்ப், போல்ட் தவிர தனியாக ஒரு திருட்டு தடுப்பு பூட்டும் போட்டிருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. சும்மா மாட்டி வைத்த என்ஜினுக்கு காசு கிடையாது. நம்ம ஊரில் படகுக்கு இன்சூரன்ஸ் எடுப்பவர்களும் திருட்டுக்கு பணம் உண்டா, என்ன நிபந்தனை என்று பாலிசியை ஒரு தடவை படிக்க சொல்லி கேட்டுவிடுவது நல்லது. படகு மூழ்கினால் மட்டும் பணம் என்று இருந்தால் என்ஜின் போனதுக்கு ஒன்றும் வராது.

2 கிளாம்ப் கைப்பிடியையும் சேர்த்து மூடும் குழாய் பூட்டு என்று ஒன்று உண்டு. அது கிடைக்கவில்லை என்றால் கனமான சங்கிலியை என்ஜினின் பிடியிலும் படகில் பதித்த வளையத்திலும் கோர்த்து பூட்டலாம். சாதாரண இரும்பு பூட்டு உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் துரு ஏறி இறுகிவிடும். பித்தளை பூட்டு வாங்கி, வாரம் ஒரு முறை எண்ணெய் விட வேண்டும். ஆக்சா பிளேடு வைத்து அறுத்தால் எந்த சங்கிலியும் அறும்தான். ஆனால் அதுக்கு நேரம் ஆகும், சத்தம் வரும், நாய் குரைக்கும். திருடன் பயப்படுவது பூட்டுக்கு இல்லை, இந்த 3-க்கும்தான்.

வீடு பக்கம் என்றால் என்ஜினை கழற்றி வீட்டுக்கே கொண்டுபோவதுதான் இன்னும் நல்லது. முதுகு வலிக்கும், என்ன செய்ய!

மும்பை தாக்குதலில் காட்டிக்கொடுத்த நம்பர்

2008 நவம்பர் 26-ந்தேதி மும்பையில் தாக்குதல் நடத்திய பயங்கரவாதிகள் எப்படி வந்தார்கள் என்பது நினைவிருக்கும். குஜராத் மாநிலம் போர்பந்தரை சேர்ந்த 'குபேர்' என்ற மீன்பிடி படகை நடுக்கடலில் கடத்தி, அதில் இருந்த மீனவர்களை கொன்றுவிட்டு மும்பை அருகே வந்தார்கள். அங்கிருந்து ஒரு ரப்பர் படகில் கரை இறங்கினார்கள். அந்த ரப்பர் படகில் மாட்டியிருந்தது யமஹா அவுட்போர்டு என்ஜின்.

அந்த என்ஜினை வைத்து விசாரணை நகர்ந்தது. 2009 பிப்ரவரியில், அது கராச்சியில் ஒரு கடையில் வாங்கியது என்பதை அப்போதைய பாகிஸ்தான் உள்துறை ஆலோசகர் ரஹ்மான் மாலிக்கே ஒப்புக்கொண்டார். நாடு விட்டு நாடு போன என்ஜினையே அது விற்ற கடை வரைக்கும் தேடிப்போக முடிகிறது. நம் என்ஜினுக்கும் அதே மாதிரி நம்பர் இருக்கிறது. எழுதி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

அவுட்போர்டு என்ஜினில் பொதுவாக படகோடு பிடிக்கும் கிளாம்ப் பக்கத்தில் தகடு அல்லது ஸ்டிக்கரில் நம்பர் இருக்கும். அதை செல்போனில் போட்டோ எடுங்கள். பில்லையும் போட்டோ எடுங்கள். செல்போனும் தண்ணீரில் விழும் சாமான்தான் என்பதால் அந்த போட்டோவை வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் விற்றவரிடம் கையெழுத்து போட்ட சீட்டு அவசியம்.

ஸ்டிக்கரை திருடன் கிழித்துவிடுவான். அதனால் மூடியை கழற்றி, உள்பக்கம் கண்ணில் படாத இடத்தில் படகு நம்பரை ஊசியால் கீறி வைப்பது பழைய மெக்கானிக்குகள் சொல்லும் வழி. வலைக்கும் அடையாளம் வேண்டும். ஓரக்கயிற்றில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே கலர் நூலை சுற்றி வைத்தால் போதும். 4 வலை கிடக்கும் இடத்தில் என் வலை இதுதான் என்று ஆணித்தரமாக சொல்லலாம்.

படகின் பதிவு எண் ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும். பிறகு மாவட்ட எண். அதற்கு அடுத்து எம்.எம். என்றால் விசைப்படகு, எம்.ஓ. என்றால் என்ஜின் பொருத்திய சிறிய படகு. மும்பை தாக்குதலுக்கு பிறகு கடலோர போலீசார் நடுக்கடலில் நிறுத்தி முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். பெயிண்ட் உதிர்ந்து எண் தெரியாத படகு திருடனுக்கு ரொம்ப வசதி. என்ஜின் மாற்றினாலோ, படகை விற்றாலோ மீன்வளத்துறை பதிவிலும் மாற்ற வேண்டும். பேப்பரில் பழைய முதலாளி பெயர் இருந்தால், படகே கிடைத்தாலும் உங்கள் கைக்கு வராது.

எந்த ஸ்டேஷனுக்கு போவது?

இங்கேதான் பலர் அலைக்கழிகிறார்கள். காசிமேடும் திருவொற்றியூரும் சென்னை போலீஸ் கமிஷனர் எல்லை. சில கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் எண்ணூர், 2022-ல் உருவான ஆவடி கமிஷனர் எல்லை. எண்ணூரில் போன என்ஜின் காசிமேட்டில் கண்ணில் பட்டால் எங்கே புகார் கொடுப்பது?

எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் எல்லையை காரணம் காட்டி புகாரை வாங்க மறுக்க முடியாது. எப்.ஐ.ஆர். போட்டு சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. எப்.ஐ.ஆர். நகலும் இலவசம். சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு திருப்திப்பட்டு விடாதீர்கள்.

புகாரில் பொருளின் மதிப்பை சரியாக எழுதுவது முக்கியம். 5 ஆயிரம் ரூபாய்க்கு குறைவான திருட்டில் முதல் தடவை சிக்கியவன் பொருளை திருப்பி கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. போலீசார் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் கைது செய்யும் குற்றமாகவும் அது வராது. மற்ற திருட்டுக்கு 3 ஆண்டு வரை ஜெயில். ஈயம் போனது என்று மட்டும் எழுதினால் சில நூறு ரூபாய் கேஸ். ஈயத்துக்காக அறுத்த வலையின் விலையையும் பில்லோடு சேர்த்து எழுதுங்கள்.

பக்கத்து ஐஸ் கம்பெனி, பெட்ரோல் பங்க் கேமரா பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும். அதனால் நாமே தேடிப் பார்ப்போம் என்று ஒரு வாரம் கடத்தினால் இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். கடலில் சந்தேகப்படும்படி ஆள் தெரியாத படகை பார்த்தால் கடலோர பாதுகாப்பு குழுமத்தின் 1093-க்கு போன் செய்யலாம். கடலோர காவல்படை எண் 1554.

திருடனை கையும் களவுமாக பிடித்தால்? கம்பத்தில் கட்டி வைத்து அடித்தால் அடுத்த கேஸ் அடித்தவர்கள் மேல்தான். பொதுமக்களும் பிடித்து வைக்க சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். ஊர் கூடி அபராதம் போட்டு பேசி முடிப்பதும் நடக்கிற விஷயம்தான். அப்படி முடித்தால் அவன் பெயர் எந்த பதிவிலும் ஏறாது. அடுத்த குப்பத்துக்கு போவான்.

விலை குறைவாக இருக்கிறதே என்று பில் இல்லாத என்ஜினை வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். திருட்டு பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்க காரணம் இருந்தும் வாங்கினாலோ அதற்கும் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. காயலான் கடைக்காரருக்கும் இதே சட்டம்தான்.

கிடைத்த என்ஜின் எப்போது கைக்கு வரும்?

போலீசார் மீட்ட என்ஜின் வழக்கு முடியும் வரை ஸ்டேஷன் வாசலில் மழையில் நனைந்து துருப்பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்படி பொருட்களை போட்டு வைத்து வீணாக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. புதிய சட்டத்திலும் அதற்கு கெடு உண்டு. கோர்ட்டில் பொருள் ஆஜரான 14 நாளுக்குள் பட்டியல் தயாரித்து, போட்டோ, வீடியோ எடுக்க வேண்டும். அதில் இருந்து 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும். பறிகொடுத்தவர் பில், என்ஜின் நம்பர் போட்டோ, படகு பதிவு சான்று, எப்.ஐ.ஆர். நகல் ஆகியவற்றுடன் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் மனு போட வேண்டும். கோர்ட்டு கேட்கும் உத்தரவாத பத்திரத்தை எழுதி கொடுத்துவிட்டு என்ஜினை எடுத்து வந்து மறுநாளே கடலுக்கு போகலாம். வழக்கு முடியும் வரை அதை விற்கக்கூடாது, கூப்பிட்டால் கொண்டுபோய் காட்ட வேண்டும்.