கையிலிருந்து கைக்குப் போன தொலைகாட்டி

முன்னொரு நாள் இரவு, யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் பாடசாலை முற்றத்திலே சிறு கூட்டமொன்று கூடியிருந்தது. நடுவே முக்காலியொன்றின்மீது ஒரு தொலைகாட்டி. அதன் அருகில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வந்தோர் யாவருக்கும் சனிக் கிரகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கட்டணம் ஏதுமில்லை. நாமும் வரிசையில் நின்றோம். எமக்கு முன் நின்ற மூதாட்டி ஒருவர் குனிந்து பார்த்தார். வளையம் சூழ்ந்த அந்தச் சின்னஞ்சிறு உருண்டையைக் கண்டதும் திகைத்து நிமிர்ந்து, "தம்பி, உள்ளுக்குப் படம் ஒட்டி வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார்.

கூட்டத்திற் சிலர் நகைத்தனர். ஆசிரியர் நகைக்கவில்லை. "ஆச்சி, ஒட்டின படம் ஓடாது. குழாயிலை கை வையாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கோ" என்றார். ஆச்சி மீண்டும் குனிந்தார். சிறிது நேரத்தில், "ஐயோ, போட்டுது!" என்று கூவினார். "அது போகேல்லை, ஆச்சி. நாங்கள்தான் போறம். பூமி சுழலுதல்லவோ?" என்றார் ஆசிரியர். பூமி சுழல்கின்றது என்பதை நாம் பள்ளிப் புத்தகத்திற் படித்து மனனஞ் செய்து பரீட்சையும் எழுதியிருந்தோம். அதைக் கண்ணாற் கண்டது அன்றுதான்.

ஐயுற்றவரை எள்ளாது, அவர் கண்ணையே அவருக்குச் சாட்சியாக்கிய அந்த ஆசிரியரின் பண்பு அவருக்கு மட்டும் உரியதன்று. வானத்தை நோக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகெங்கும் உளர். அவருட் பெரும்பாலார் வானசாஸ்திரத்தில் பட்டம் பெற்றவரல்லர். இலிகிதர், கமக்காரர், வைத்தியர், மாணவர் எனப் பலதிறத்தினர். இவர்களை ஒரு குடும்பமாகப் பிணைத்து நிற்பது, தாம் அறிந்ததையும், சில வேளைகளில் தாம் வைத்திருப்பதையுமே, முன்பின் அறியாத ஒருவருக்கு மனமுவந்து கொடுக்கும் வழக்கமாகும்.

மூத்தோர் கூறும் முதற் பாடம்

இக் குடும்பத்திற் புதிதாகச் சேர்பவர் முதலிற் கேட்கும் கேள்வி, "எந்தத் தொலைகாட்டியை வாங்கலாம்?" என்பதே. அனுபவசாலிகள் தரும் விடையோ, "இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்" என்பதாகும். சில மாதம் வெறுங் கண்ணால் வானத்தைப் பழகவேண்டும். மிருகசீரிட மண்டலம் எது, சப்தரிஷி மண்டலம் எது, இடம் மாறித் திரியும் கிரகம் எது என்று அறியவேண்டும். அடுத்தபடியாக, இரு கண்ணாலும் பார்க்கும் பைனாக்குலர் போதும். 7 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீற்றர் அகலமும் உடைய கருவியைக் கொண்டு வியாழனின் நான்கு பெருஞ் சந்திரர்களையும், எமது சந்திரனின் பள்ளங்களையும் காணலாம்.

தொலைகாட்டி வாங்கும் காலத்திலும், "600 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்னும் விளம்பரத்துக்கு மயங்கலாகாது. வில்லையின் அகலத்தில் அங்குலமொன்றுக்கு 50 மடங்குக்கு மேற் பெருக்கினால் உருவம் பெருக்குமேயன்றித் தெளிவு பெருகாது என்பது பழகியோர் கண்ட பொது விதி. இரண்டங்குல வில்லைக்கு 100 மடங்கே எல்லை. சனியின் வளையத்தைக் காண ஏறக்குறைய 30 மடங்கு போதுமாயிருக்க, 600 எதற்கு?

வேறு சில நுட்பங்களும் உள. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் முற்றாகப் பழகுவதற்கு அரை மணி நேரமாவது செல்லும். படத்தைப் பார்க்க விளக்கு வேண்டுமாயின், ரோர்ச் விளக்கின் முகத்திற் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்ளவேண்டும். மங்கிய செவ்வொளி கண்ணின் பழக்கத்தை அதிகம் குலைப்பதில்லை. மிக மங்கலான பொருளை நேரே நோக்காமற் சற்று அருகே நோக்கினால் அது துலங்கித் தோன்றும். விழித்திரையின் நடுப்பகுதியைவிட அதன் சுற்றுப்புறமே மங்கிய ஒளியை நன்கு உணர வல்லது. இவையாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்றுண்டு. தகுந்த வடிகட்டியின்றிச் சூரியனைத் தொலைகாட்டியாற் பார்த்தல் கூடவே கூடாது. ஒரு கணத்திற் கண் பறிபோய்விடும்.

இவை யாவும், ஒருவர் தவறி, அடுத்தவர் தவறாதிருக்கும் பொருட்டுச் சொல்லிவைத்த பாடங்கள்.

பல கண்கள் வேண்டிய பணி

பொழுதுபோக்கு என்று கூறினோமாயினும், இவர்களாற் சாஸ்திரத்துக்கு விளைந்த நன்மை சிறிதன்று. விண்மீன்களுட் சில ஒரே அளவாய் ஒளிர்வதில்லை. திமிங்கில மண்டலத்திலுள்ள மீரா என்னும் விண்மீன் வெறுங் கண்ணுக்கு நன்கு தோன்றும்; பின் படிப்படியாக மங்கிக் கண்ணுக்கு முற்றாக மறையும்; ஏறத்தாழ 332 நாளில் மீண்டும் தலைகாட்டும். இத்தகைய மாறொளி விண்மீன்கள் எண்ணற்றவை. ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கிற் கவனித்தாலன்றி அதன் இயல்பு விளங்காது. பெரிய வானாய்வு நிலையங்களோ சில. அங்குள்ள வானசாஸ்திரிகளோ சிலர்.

இந்நிலையில், ஹாவார்ட் வானாய்வு நிலையத்தின் அதிபராயிருந்த எட்வேட் பிக்கரிங், பொதுமக்களின் உதவியை நாடினார். அமெரிக்காவிலே கனெக்ரிக்கற் மாநிலத்துச் சட்டத்தரணியான வில்லியம் ரைலர் ஒல்கொற் என்பவர் முன்வந்து, 1911ஆம் ஆண்டில், மாறொளி விண்மீன்களை அவதானிப்போர் சங்கத்தை நிறுவினார். வேலை எளிது. ஒளி அளவு தெரிந்த இரு விண்மீன்களை எடுத்து, அவற்றின் இடையே மாறொளி விண்மீன் எந்தப் படியில் நிற்கின்றது என்று கண்ணால் மதித்து, நாளும் நேரமுங் குறித்து அனுப்பவேண்டும். விதி ஒன்றே: கண்டதை எழுது, காண விரும்பியதை எழுதாதே. அச்சங்கத்தின் ஏட்டில் இன்று கோடிக்கணக்கான அவதானிப்புகள் உள்ளன.

பரீட்சையிலே தவறியவர்

வங்காளத்தின் ஜெசோர் நகருக்கு அருகிலுள்ள கிராமத்தில் 1878ஆம் ஆண்டிற் பிறந்தவர் ராதா கோவிந்த சந்திரர். பிரவேசப் பரீட்சையில் மும்முறை தோற்றியும் அவர் சித்தியடையவில்லை. பின்னர் ஜெசோர் திறைசேரியிற் சிறு உத்தியோகமொன்றில் அமர்ந்தார். பகலெல்லாம் நாணயத்தை எண்ணினார். இரவெல்லாம் விண்மீனை எண்ணினார். 1910ஆம் ஆண்டில் ஹாலியின் வால்வெள்ளியைப் பைனாக்குலரால் நோக்கினார். 1912இல் மூன்றங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கினார். 1918ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் கழுகு மண்டலத்திலே, இருந்தாற்போல் புதிய விண்மீனொன்று பேரொளியுடன் தோன்றியது. சந்திரர் அதைத் தாமாகவே கண்டு, தொடர்ந்து அவதானித்துக் குறிப்பெடுத்தார். அச் செய்தி ஹாவார்ட் நிலையத்துக்கும் எட்டியது.

அங்கிருந்து வந்த விடையிலே, "நீர் எந்தப் பரீட்சையிற் சித்தியடைந்தீர்?" என்ற வினா இல்லை. விண்மீன் படங்களும் நூல்களும் வந்தன; சங்கத்திற் சேருமாறு அழைப்பும் வந்தது. சந்திரர் சேர்ந்தார், அனுப்பினார், இடையறாது அனுப்பிக்கொண்டேயிருந்தார். 1926ஆம் ஆண்டில், அவருடைய உழைப்பை மெச்சிய சங்கத்தார், ஆறங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமுடைய தொலைகாட்டியொன்றைக் கப்பலேற்றிக் கடனாக அனுப்பிவைத்தனர். அது சங்கத்தின் அங்கத்தவராகிய சாள்ஸ் எல்மர் என்பவருக்கு உரியதாயிருந்த கருவி. எங்கோ கடலுக்கு அப்பால், முகமறியாத ஓர் இலிகிதரிடம், அவர் அனுப்பிய எண்களின் நேர்மையையே பிணையாகக் கொண்டு, அரும்பொருளொன்றை ஒப்படைத்தார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிவரை சந்திரர் செய்த அவதானிப்புகள் 37,000க்கு மேற்பட்டவை.

நாட்டுப் பிரிவினையின் பின் மேற்கு வங்காளத்துக்குக் குடிபெயர்ந்த அவர், முதுமையினாற் பணியை நிறுத்தியபோது, அத்தொலைகாட்டி இளம் வானசாஸ்திரியான வைணு பாப்புவிடம் சென்றது. பாப்புவும் இளமையிலே மாறொளி விண்மீன்களை நோக்கிப் பழகியவரே. பிற்காலத்தில் அவர் சர்வதேச வானியற் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். அவர் வழியாக அக்கருவி காவலூர் வானாய்வு நிலையத்தை அடைந்தது. நம் ஊர்காவற்றுறையாகிய காவலூரன்று. தமிழ்நாட்டிலே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். அமெரிக்கச் செல்வர் ஒருவரின் கண்ணாடி, வங்காளத்து இலிகிதர் கையில் முதிர்ந்து, தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்த வரலாறு இது.

இரண்டு சதத்தாற் பெற்ற வானம்

சந்திரருக்கு நேர்ந்தது ஒரு தனி நிகழ்ச்சி என எண்ணவேண்டாம். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துப் பண்ணைச் சிறுவன் லெஸ்லி பெல்ரியர், ஸ்ட்ரோபெரிப் பழம் பறித்துக் கொடுத்து, அளவையொன்றுக்கு 2 சதமாக 900 அளவை பறித்து, 18 டொலர் சேர்த்து, இரண்டங்குலத் தொலைகாட்டியொன்றை வாங்கினான். 1918ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் தன் அறிக்கையை அனுப்பினான். அவனுக்கும் சங்கம் நாலங்குலக் கருவியொன்றைக் கடனாக அளித்தது. பின்னர் பிரின்ஸ்ரன் சர்வகலாசாலையின் ஆறங்குலக் கருவியும் அவனைத் தேடி வந்தது. 1980ஆம் ஆண்டில் இறக்கும் வரை அப்பெரியார் 12 வால்வெள்ளிகளைக் கண்டார். 132,000க்கு மேற்பட்ட அவதானிப்புகளைச் செய்தார்.

ஆயினும், இவற்றைவிட அவருடைய தோல்வி ஒன்றே எம் உள்ளத்தைக் கவர்கின்றது. வடமுடி மண்டலத்தில் 1866ஆம் ஆண்டில் திடீரென ஒளிர்ந்து மங்கிய விண்மீனொன்று உண்டு. அது மீண்டும் ஒளிரும் என்று பெல்ரியர் ஏறக்குறைய 25 ஆண்டுகள் காத்திருந்தார். 1946ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவொன்றில், அதிகாலை இரண்டரை மணிக்கு எழுந்தார். தடிமன் பிடிப்பதுபோலிருந்தது. "இன்று வேண்டாம்" என்று மீண்டும் படுத்துக்கொண்டார். அந்த இரவிலேதான் அவ்விண்மீன் ஒளிர்ந்தது! இதை அவர் மறைக்கவில்லை; 1965இல் வெளியான தமது நூலில் எல்லாரும் அறிய எழுதிவைத்தார். வெற்றியைச் சொல்வது போலவே தவறவிட்டதையும் சொல்வதே இக் குடும்பத்தின் ஒழுக்கம்.

நம் திருகோணமலையில்

எம் நாட்டுக்கும் இதிலோர் இடமுண்டு. கொழும்பில் 1867ஆம் ஆண்டிற் பிறந்து, பிரித்தானிய இராணுவப் பொறியியற் படையில் உத்தியோகத்தராயிருந்த பேர்சி மோல்ஸ்வேர்த், திருகோணமலையில் பன்னிரண்டரை அங்குலத் தொலைகாட்டியொன்றை நிறுத்தி வியாழக் கிரகத்தை ஆராய்ந்தார். 1900ஆம் ஆண்டில் மட்டும், வியாழனின் அடையாளங்கள் அதன் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தை 6,758 முறை குறித்தார். 1901ஆம் ஆண்டில் வியாழனின் தென்பகுதியிலே பெருங் குழப்பமொன்று தோன்றியதை முதன்முதற் கண்டவரும் அவரே. தாம் கண்டவற்றை இலண்டனிலுள்ள பிரித்தானிய வானியற் சங்கத்துக்கு அனுப்பி, அங்குள்ள அன்பர்களோடு ஒப்புநோக்கினார். 1908ஆம் ஆண்டிலே திருகோணமலையில் மறைந்த அவர் பெயரைச் செவ்வாய்க் கிரகத்தின் பெரும் பள்ளமொன்று தாங்கி நிற்கின்றது.

மோல்ஸ்வேர்த் கண்ட வானம் இன்றும் எம் தலைமேல் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழும் எமக்கு அது அள்ளி வழங்குவதும் அதிகம். யாழ்ப்பாணத்திலிருந்து நோக்கினால் வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலே தோன்றும். சித்திரை வைகாசி இரவுகளில் தெற்கே தென்சிலுவை எழுந்து நிற்கும். இவ்விரண்டையும் ஓரிடத்திலிருந்து காணும் வாய்ப்பு இலண்டனில் உள்ளோருக்கு இல்லை.

ஆதலின், பெற்றோர்களே, பிள்ளைகள் வானத்தைக் காட்டி வினாவுமிடத்து, "எனக்குத் தெரியாது, போய்ப் படி" என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். "வா, இருவருமாகப் பார்ப்போம்" என்று முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, கண்டதை நாளுடனும் நேரத்துடனும் எழுதிவாருங்கள். பரீட்சையிற் புள்ளி குறைந்தவர் மனந்தளர வேண்டாம். மும்முறை தவறிய ஒருவரின் எண்களை ஹாவார்ட் நிலையம் விரும்பி ஏற்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அன்றிரவு பாடசாலை முற்றத்தை விட்டு நாம் புறப்படும்போது, அந்த ஆச்சி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. தம் பேத்தியைத் தொலைகாட்டியின் அருகே நிறுத்தி, தாம் அப்போதுதான் கற்ற பாடத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்: "பிள்ளை, கை வையாமற் பார். அது ஓடேல்லை; நாங்கள்தான் ஓடுறம்."