ஓசூர் ஏசிக்கு ‘உயரம்’ ஒரு நோயா?

2026 ஜனவரி 1 முதல் ஏசிகளுக்குப் புதிய நட்சத்திர அட்டவணை அமலுக்கு வந்திருக்கிறது. அதை ஒட்டி ஓசூர், மத்திகிரி, பாகலூர் சாலை, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, சந்தாபுரா என்று பெங்களூரின் தென்கிழக்குப் புறநகர் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் மூன்று கவலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பழைய ஏசியை இனி ரிப்பேர் செய்ய முடியாதாமே? அதில் இருக்கும் ஆர்-22 கேஸ் தடை செய்யப்பட்டுவிட்டதாமே? மூன்றாவது கவலை மெக்கானிக் சொன்னதாக வருகிறது: “சார், இது மூவாயிரம் அடி உயரத்துல இருக்கிற ஊரு. இங்க பிரஷர் நிக்காது. வருஷா வருஷம் கேஸ் போட்டாத்தான் கூலிங் வரும்.”

முதல் இரண்டுக்கும் பதில் சிறியது. மூன்றாவதில்தான் வாசகர்களின் பணம் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதனால் கட்டுரையின் பெரும்பகுதி அதற்கு.

புதிய அட்டவணை, புதிதாகத் தயாராகும், இறக்குமதியாகும் ஏசிகளின் லேபிளை மட்டுமே மாற்றுகிறது. உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஏசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சில வருடங்களுக்கு ஒருமுறை அளவுகோலை உயர்த்துவது வழக்கம். 2018இல் ஐந்து நட்சத்திரத்துக்கு ஆற்றல் திறனில் 4.5 மதிப்பெண் போதுமானதாக இருந்தது. 2022 ஜூலையில் அது 5 ஆனது. 2026இல் இன்னொரு படி. 2025 வரையிலான ஐந்து நட்சத்திர ஏசி புதிய கணக்கில் ஏறத்தாழ நான்காகிவிடும். இயந்திரம் அதேதான், ஸ்டிக்கரில்தான் ஒரு நட்சத்திரம் குறையும்.

அந்த ஸ்டிக்கரை நான் இப்படித்தான் வரையறுப்பேன்: ஆய்வகத்தில், கேஸ் சரியாக நிரம்பிய புத்தம்புது ஏசி ஒன்று, வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. வெளி வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை, நாட்டின் 54 நகரங்களின் சராசரியை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஓசூரில் 43 டிகிரி எங்கே? பெங்களூரில் பதிவான உச்சமே 2016 ஏப்ரலில் வந்த 39.2தான். மார்ச் பாதியில் தொடங்கி மே மாத மழை வரை, இரவு ஏழு மணி நேரம் என்று ஓட்டினால் நானூறு சொச்சம் மணிதான் வரும். லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட்டை நாலால் வகுத்துவிட்டு, மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் உள்ள விலை வித்தியாசம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று பாருங்கள். சென்னைக்காரருக்கு வரும் விடை உங்களுக்கு வராது.

ஆர்-22 விஷயத்தில் உண்மை பாதி, பயமுறுத்தல் பாதி. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த வகைக் கேஸ்களைப் புதிய கருவிகள் தயாரிக்கப் பயன்படுத்துவது 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. ஏற்கெனவே ஓடும் ஏசிகளின் சர்வீஸுக்கு அது கிடைக்கும். 2030இல் பெரும் வெட்டு வருகிறது. அதன் பிறகும் 2040 வரை சர்வீஸுக்கென்று சிறு அளவை மான்ட்ரியல் ஒப்பந்தம் அனுமதிக்கிறது. விலை ஏறும் என்பது நிஜம். “நாளைக்குக் கிடைக்காது, இன்றைக்கே ஏசியை மாற்றுங்கள்” என்பது வியாபாரம்.

இனி உயரத்துக்கு வருவோம்.

ஏசியில் இருக்கும் கேஸ், சமையல் சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு அல்ல. செம்புக் குழாய்க்குள் அடைபட்டு, ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் கழித்தும் அதே கிராம் அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இதில் ஊர் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற பேச்சுக்கு இடமே இல்லை. மூடிய குழாய்க்கு மலையும் தெரியாது, கடற்கரையும் தெரியாது.

ஆனால் மெக்கானிக் கையில் இருக்கும் கேஜுக்கு ஊர் தெரியும். அதற்குள் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது முள்ளில் காட்டும். சென்னையில் வெளிக்காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்துகிறது. ஓசூரில் ஏறத்தாழ 13.2. எனவே குழாய்க்குள் அழுத்தம் கொஞ்சமும் மாறாமலே இருந்தாலும், இங்கே முள் ஒன்றரை பவுண்டு கூடுதலாகக் காட்டும். கவனியுங்கள், கூடுதலாக. ‘உயரமான ஊரில் பிரஷர் கம்மியாகக் காட்டும், அதனால் கேஸ் கூட்ட வேண்டும்’ என்ற வாதம் திசையிலேயே தவறு. அந்த ஒன்றரை பவுண்டும் ஆர்-22இன் கொதிநிலையில் அரை டிகிரி வித்தியாசம், புதிய ஏசிகளில் இருக்கும் ஆர்-32இல் அதைவிடவும் குறைவு. யாரும் பொருட்படுத்தத் தேவையில்லை.

அப்படியானால் இந்த ஊரில் கேஜ் குறைவாகக் காட்டுவதாக மெக்கானிக்குகள் சொல்வது பொய்யா? இல்லை. பலர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், காரணம்தான் வேறு. ஆர்-22 என்றால் அறுபது முதல் எழுபது, ஆர்-32 என்றால் நூற்றிருபதுக்கு மேல் என்று தொழிலில் மனப்பாடமாக ஓர் எண் உண்டு. வெளியே 35 டிகிரி கொளுத்தும்போது சரியாக வரும் எண் அது. ஓசூரில் டிசம்பர் மாலை இருபது டிகிரிக்குப் போய்விடுகிறது. வெளியே குளிர்ச்சி என்றால் அவுட்டோர் யூனிட்டில் அழுத்தம் இறங்கும். அதோடு சேர்ந்து உள்பக்க அழுத்தமும் இறங்கும். கேஸ் ஒரு கிராம்கூடக் குறையாமலே முள் கீழே நிற்கும்.

‘சீசனுக்கு முன்னாடியே செக் பண்ணிடுங்க’ என்று வரும் சலுகைகளின் விபரீதம் இங்கேதான். குளிர்காலத்தில் கேஜ் மாட்டுகிறார்கள். மனப்பாட எண் வரவில்லை. வரும் வரை கேஸை ஏற்றுகிறார்கள். ஏப்ரலில் வெளியே 37 டிகிரி வரும்போது அந்தக் கூடுதல் கேஸுக்கு இடமில்லாமல் அவுட்டோர் பக்கம் அழுத்தம் எகிறுகிறது. கம்ப்ரசர் சூடாகி நின்று நின்று ஓடுகிறது. வாடிக்கையாளர் திரும்பவும் போன் செய்கிறார். “கம்ப்ரசர் வீக் சார்” என்ற பதில் வருகிறது. இன்வெர்ட்டர் ஏசியில் நிலைமை இன்னும் மோசம். கம்ப்ரசரின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் முள்ளும் கூடவே ஆடும். அந்த ஆட்டத்தில் எந்த நொடியைப் படித்தார் என்பதைப் பொறுத்து உங்கள் பில் அமையும்.

சரியான முறை ஒன்று இருக்கிறது, பழைய முறைதான். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டுத் தகட்டில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் இருக்கும் கேஸை முழுவதும் எடுத்துவிட்டு, நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் கசிவைத் தேடி, அடைத்து, வேக்கம் பம்ப் போட்டு, பிறகு சிலிண்டரை எடை மெஷினில் வைத்து அத்தனை கிராமை உள்ளே விட வேண்டும். பைப் நீளம் அதிகமானால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதல் என்பதும் கம்பெனியின் கையேட்டில் இருக்கும். இதற்கு அரை நாள் ஆகும். டாப்-அப்புக்கு இருபது நிமிடம். தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு இத்தனை ‘கால்’ முடிக்க வேண்டும் என்று கணக்கு வைக்கும் சர்வீஸ் ஏற்பாட்டில் அரை நாள் வேலையை யார் செய்வார்?

வேக்கம் போடும் இடத்தில் உயரம் நிஜமாகவே மூக்கை நுழைக்கிறது, ஒருவரும் அதைச் சொல்வதில்லை. காற்று முழுவதும் வெளியேறினால் கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே 30 அங்குலத்தைத் தொடும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஓசூரில் உலகத்திலேயே சிறந்த பம்பைப் போட்டாலும் முள் 27இல் நின்றுவிடும். பம்ப் பழுது என்று நினைத்து நேரத்தை வீணாக்குபவரும் உண்டு, ‘இந்த ஊரில் இவ்வளவுதான் வரும்’ என்று 24இலேயே நிறுத்திவிடுபவரும் உண்டு. இரண்டாமவர் விட்டுவைக்கும் காற்றும் ஈரமும்தான் பின்னால் தொல்லை. வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் அளக்கும் மைக்ரான் கேஜில் இந்தக் குழப்பமே கிடையாது. அதில் 500க்குக் கீழே என்றால் எல்லா ஊரிலும் 500க்குக் கீழேதான்.

உயரத்தின் இன்னொரு நிஜமான விளைவு காற்றோட்டத்தில் இருக்கிறது. ஓசூரில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. உள்ளே இருக்கும் ஃபேன் அதே கன அடிக் காற்றைத்தான் தள்ளுகிறது. ஆனால் அந்தக் காற்றில் சரக்கு குறைவு, கூலிங் காயிலுக்கு அது கொண்டுவரும் வெப்பமும் குறைவு. காயில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்துபோகிறது. ஃபில்டர் சுத்தமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஜல்லி லாரிகள் ஓடும் சாலை ஓர வீட்டில் மூன்று மாதம் கழுவாத ஃபில்டர் என்றால், சென்னையில் சமாளித்திருக்கும் அதே ஏசி இங்கே ஐஸ் கட்டத் தொடங்கும்.

ஐஸைப் பார்த்ததும் “கேஸ் இல்ல” என்கிறார்கள். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், காற்று குறைந்தாலும் கட்டும். இரண்டையும் பிரித்தறிய வீட்டுக்காரரே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அவுட்டோர் யூனிட்டின் பக்கத்தில் இரண்டு செம்புப் பைப் இறங்கும், ஒன்று மெலிது, மற்றது தடிமன். ஏசி இருபது நிமிடம் ஓடிய பிறகு போய்ப் பாருங்கள். பெரும்பாலான ஸ்ப்ளிட் ஏசிகளில், மெல்லிய பைப்பின் நட்டில் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்து, தடிமனான பைப் குளிர்ச்சியே இல்லாமல் இருந்தால், கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். தடிமனான பைப்பிலும் ஐஸ் ஏறியிருந்தால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேலும் காயில் அழுக்கு மேலும் விழ வேண்டும். இது முடிவான தீர்ப்பு அல்ல. கேஸ் போட வேண்டும் என்பவரிடம் “ஏன்?” என்று கேட்க இது போதும்.

அவுட்டோர் யூனிட்டுக்கும் அதே பத்து சதவீதக் கதைதான். மெல்லிய காற்று, வெப்பத்தைக் கொஞ்சம் மெதுவாகவே எடுத்துச் செல்லும். பால்கனிக்குள் மூன்று பக்கமும் கம்பியும் பலகையும் அடைத்து, புறா வராமல் வலையும் கட்டி, மேலே துணி காயப்போட்டிருந்தால், ஏசி தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொள்ளும். புதிய அடுக்குமாடிகளில் அவுட்டோருக்கென்று கட்டுநர்கள் விடும் அந்த அலமாரி போன்ற இடத்தை வடிவமைத்தவர்கள் ஏசியைப் பார்த்ததுண்டா என்று எனக்குச் சந்தேகம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

உயரமான ஊர் என்பதால் ஒன்றரை டன்னுக்குப் பதில் இரண்டு டன் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா? வேண்டாம். உயரத்தால் இழப்பது சில சதவீதம்தான், வெயில் குறைவாக இருப்பதால் அது ஈடாகிவிடும்.

ஆர்-22 ஏசியில் ஆர்-32 போட்டுத் தருவதாகச் சொல்கிறார்களே? கூடவே கூடாது. அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு.

24 டிகிரியில் வைத்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஆறு சதவீதம் மிச்சம் என்கிறதே அரசு? திசை சரி, எண் உங்கள் வீட்டில் அளந்தது அல்ல.

புதிய அட்டவணைக்காகப் புது ஏசி வாங்க வேண்டுமா? 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, தேவை இருந்தால் வாங்கலாம். ஸ்டிக்கருக்குப் பயந்து வாங்க வேண்டாம்.

பத்து வருட வாரண்டியில் கேஸ் சேருமா? அநேகமாக அது கம்ப்ரசருக்கு மட்டும். சிறிய எழுத்தைப் படியுங்கள்.

காயிலிலேயே ஓட்டை விழுந்தால்? ஒரு தரம் ஒட்டலாம். மறுபடி விழுந்தால் காயிலை மாற்றுங்கள்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா? ஏசி தாங்கும் வோல்டேஜ் வரம்பைக் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குளிர்காலத்தில் யாராவது சலுகை விலையில் கேஸ் செக்கப்புக்கு வந்தால், ஃபில்டரையும் காயிலையும் கழுவிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கேஸ் போட்டே ஆக வேண்டும் என்றால், சிலிண்டரை எடை மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். எங்கே கசிந்தது, எத்தனை கிராம் போட்டார் என்ற இரண்டையும் பில்லில் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள்.