பெயரில் ஓர் எழுத்து: இ-சேவை மையத்துக்குப் போகும் முன்



பள்ளிக்கூடம் திறக்கும் மாதங்களில் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பண உதவி கேட்டு வருவதில்லை. “விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது பாய், என்னவென்று பாருங்கள்” என்று காகிதத்தோடு வருகிறார்கள். பார்த்தால், பெரும்பாலும் பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு.

வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் இன்று கணினி வழியில்தான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் விண்ணப்ப எண் கிடைக்கும். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஏறி தாலுகா அலுவலகம் போகும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி சேலம் போய் அலைந்த காலத்தை நினைத்தால் இது பெரிய நிம்மதி; செம்மநத்தத்துக் கூலிக் குடும்பத்துக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம். அதை மறுக்க மாட்டோம்.

ஆனால் கணினிக்கு முகம் தெரியாது. பழைய நோட்டில் ‘பாத்திமா பீவி’ என்று இருந்தாலும் ‘ஃபாத்திமா பீ’ என்று இருந்தாலும், ஒரே ஆள்தான் என்று எழுத்தருக்குப் புரியும். இயந்திரத்துக்கு அது இரண்டு ஆள். நம் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. தமிழில் ஒரு விதமாகவும், இங்கிலீஷில் நாலு விதமாகவும் எழுதுகிறோம். முகமதுவில் நடுவில் ‘ஓ’வா ‘யு’வா, கடைசியில் ‘டி’ ஒன்றா இரண்டா? அப்துல் காதர் ஒரே சொல்லா, இரண்டா? சிலர் முகமதுவை இரண்டே எழுத்தாகச் சுருக்கிவிடுகிறார்கள். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக, ரேஷன் கார்டில் இனிஷியல் மட்டும், பள்ளி மாற்றுச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மற்ற சமூகத்தாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. நமக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஆகவே ஆதாரைத் திருத்தும் முன் யோசியுங்கள். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். பிறந்த தேதியை ஒரே முறை. அவசரத்தில் தப்பாகத் திருத்திவிட்டால், மீண்டும் திருத்துவதற்குள் பிள்ளை கல்லூரி முடித்துவிடும். பிறப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அதையே எழுத்துக்கு எழுத்து எல்லாவற்றிலும் கொண்டுவருவதே நல்லது.

பிறப்புச் சான்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்று ஒன்றுதான். நம் வீடுகளில் ஏழாம் நாள் அகீகாவில்தான் பெயர் வைக்கிறோம். அதற்குள் ஆஸ்பத்திரியில் பெயரில்லாமலே பதிவாகிவிடுகிறது. பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஓராண்டுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை; அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. வீட்டிலேயே பிரசவம் என்றால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். 2030-க்குள் எல்லோருக்கும் பிறப்புப் பதிவுடன் சட்டப்படியான அடையாளம் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சிக் குறிக்கோள்களில் ஒன்று. அந்தப் பெரிய வார்த்தைக்கு நம் ஊரில் அர்த்தம் இந்த ஒரு தாள்தான்.

சாதிச் சான்றில் ‘முஸ்லிம்’ என்று மட்டும் இருந்தால் 3.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்காது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி, ஷேக், சையத், அன்சார், மாப்பிள்ளை, துதேகுலா என்று பட்டியலில் உள்ள பிரிவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த முயற்சி புதிதல்ல. மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் 2001-லேயே சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து கணினி மையங்களைத் திறந்தன. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தாலுகா அலுவலகம் போக வேண்டாம் என்றதும் மக்கள் விரும்பினார்கள். சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. ஆர்வமுள்ள அதிகாரிகள் மாறிப்போனதும், நீடித்த உதவி இல்லாததும் காரணங்கள் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். பங்களாதேஷ் 2010-ல் 4,500-க்கும் மேற்பட்ட யூனியன்களில் இத்தகைய மையங்களைத் திறந்தபோது, ஒவ்வொன்றிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நடத்த வேண்டும் என்று வைத்தது. நம் பெண்கள் கூச்சமில்லாமல் உட்கார்ந்து பேச அப்படி ஒரு பெண் இங்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ரேஷன் கடை விஷயம். காப்பித் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்துவிடுகிறது. ரேகை பதியவில்லை என்பதற்காக வயதான நன்னிமார்கள் வெறும் பையோடு திரும்ப வேண்டியதில்லை. கருவிழிப் பதிவு, ஆதாரில் சேர்த்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. ஆகிய வழிகளைக் கேளுங்கள். நடக்க முடியாதவர்கள் தங்களுக்காக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். ரேகை சேராததால் உரியவருக்குப் பொருள் மறுக்கப்படக் கூடாது என்பதை 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது. கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வாருங்கள்.

ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்த்துத் தருகிறோம், கட்டணமில்லை. ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று மூன்றின் நகலும் வேண்டும். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், எங்களிடமும்தான். ஓ.டி.பி. எண்ணை யார் போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள்.