ஒரு மாலைக்காகவும் சேமிப்போம்

டிசம்பரில் சிப்பிகாட்டில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு இந்த நீண்ட முன்னிரவு பழகச் சில மாதங்கள் ஆயின. இங்கே இருள் சூழும் அதே வேளையில்தான், கடலுக்கு அப்பால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா வாசல்களில் ரசிகர்கள் கூடத் தொடங்குவார்கள்.

ஒரு நவம்பர் மாதத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் கிளைக்கு வந்து, மாதம் 2,000 ரூபாய் வீதம் ஓராண்டுக்குத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்க வேண்டும் என்றார். எந்தத் தேவைக்காக என்று வழக்கம்போல் கேட்டேன். “அடுத்த மார்கழியில் சென்னைக்குப் போய்க் கச்சேரி கேட்க வேண்டும் சார்” என்றார். திருமணம், வீடு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்காகச் சேமிப்போரையே இருபது ஆண்டுகளாகப் பார்த்து வந்த எனக்கு அந்த விடை புதிது. அவரது இசைவுடன், பெயரை மட்டும் தவிர்த்து, இதனை எழுதுகிறேன்.

அந்த விருப்பத்தின் பின்னே நீண்ட காத்திருப்பு இருந்தது. அவருடைய கணவர் வானொலிக் கச்சேரிகளில் ஊறியவர். “அடுத்த மார்கழிக்குக் கட்டாயம் போவோம்” என்பது அவர் ஆண்டுதோறும் கொடுத்த வாக்கு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நிலநடுக்கத்தால் தென் அந்தமானில் தரையே தாழ்ந்துவிட்டதால், சிப்பிகாட்டின் தாழ்வான வயல்களில் புகுந்த கடல்நீர் வடியவில்லை. அவர்களது வயலும் அவற்றுள் ஒன்று. பின்னர்க் கடன், பிள்ளைகளின் படிப்பு எனப் பயணம் தள்ளிப்போயிற்று. அதற்குள் கணவரும் காலமாகிவிட்டார். “இனியும் தள்ளிப்போட எனக்கு வயதில்லை” என்று கூறிப் படிவத்தில் கையொப்பமிட்டார்.

அவர் காண விரும்பிய இசைவிழா ஏறத்தாழ நூறாண்டு மரபுடையது. 1927 டிசம்பரில் சென்னையில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. இன்று விழாக்காலத்தில் நகரெங்கும் பல சபாக்களில் காலை முதல் இரவு வரை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. பகல்நேரக் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. நாளைய வித்துவான்களை அங்கேதான் கேட்கலாம். ஆகவே தீவிலிருந்து செல்வோர்க்குப் பெருஞ்செலவு பயணமும் தங்குமிடமுமே. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்; கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள்.

மாலைப்பொழுது இசைக்கு மட்டும் உரியதன்று. ஒய். ஜி. பார்த்தசாரதி 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1979இல் உருவான கிரேசி மோகனின் கிரேசி கிரியேஷன்ஸ் போன்ற குழுக்கள், அலுவலகம் முடிந்து களைத்து வருவோரைச் சிரிக்க வைத்தே சபா நாடகத்தை வளர்த்தன.

ஒரு மாலை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு நடனத்தில் சான்று உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் 1928இல் ரஷ்யப் பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்வையாளராகவே கண்டார். அந்த ஈர்ப்பு அவரைப் பாலே பயிலச் செய்தது; பாவ்லோவாவின் தூண்டுதலோ நம் மண்ணின் ஆடற்கலையை நாட வைத்தது. 1936இல் அவர் நிறுவியதே கலாக்ஷேத்ரா. அரங்கில் ஓர் இருக்கையில் அமர்ந்தவர்தாம் பின்னாளில் ஒரு கலைக்கூடத்தையே எழுப்பினார்.

நம் அம்மையார் மறு மார்கழியில் சென்னை சென்று பத்து நாள் தங்கித் திரும்பினார். “மிருதங்கத்தை எத்தனையோ முறை வானொலியில் கேட்டிருக்கிறேன் சார். வாசிக்கிறவர் முகத்தை இப்போதுதான் பார்த்தேன். பாடுகிறவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்!” என்று வியந்தார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து சிற்றுண்டிச்சாலைக்குப் போனது அவருக்குப் புரியவேயில்லை. அவ்வாறு போனவர்களுள் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. நகைச்சுவை நாடகமும் பார்த்தாராம். “பக்கத்து இருக்கையில் யார் என்று தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்தோம். அவர் போன பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை” என்றபோது அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது.

எல்லோரும் கடல் கடக்க வேண்டியதில்லை. போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரம், ஜனவரியை ஒட்டி நடைபெறும் தீவுச் சுற்றுலா விழா, அக்கம்பக்கத்துப் பூஜைப் பந்தல்களின் மேடைகள் ஆகியவை நமக்கு அருகிலேயே உள்ளன. வேண்டியவை இரண்டே: மாதந்தோறும் ஒதுக்கும் ஒரு சிறு தொகை, நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்த ஒரு தேதி. தொகையை மட்டும் ஒதுக்கித் தேதியைக் குறிக்காதவர்கள் பெரும்பாலும் அதனை வேறு செலவுக்கு எடுத்துவிடுகிறார்கள் என்பது என் மேசை அனுபவம்.

அம்மையார் மீண்டும் தொடர் வைப்பைத் தொடங்கியுள்ளார். இம்முறை மாதம் 4,000 ரூபாய். ஏன் இரு மடங்கு என்று கேட்டேன்.

“தங்கையும் வருகிறாள்” என்றார்.