பழுது பார்த்ததற்கு என்ன அத்தாட்சி?

சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அடையாற்று முகத்துவாரம். 2004-இல் சுனாமி, 2015 டிசம்பரில் பெருவெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று 20 ஆண்டுக்குள் சென்னை மூன்று பேரிடர்களைப் பார்த்துவிட்டது. இப்படிப்பட்ட கரையில் வீட்டுக்குக் காப்பீடு எடுப்பவர், பாலிசியோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டியது பழைய பழுதைச் சரிசெய்ததற்கான அத்தாட்சி. இழப்பீடு பெரும்பாலும் இழுபறியாவது அங்கேதான்.

2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசியில் புயல், வெள்ளம் மட்டுமல்ல, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிந்தாலும் இழப்பீடு உண்டு. வாடகைக்கு இருப்பவர் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். ஆனால் காப்பீடு என்பது திடீரென நேர்ந்த சேதத்துக்குத்தான். நாள்பட்ட தேய்மானத்துக்கு இல்லை. கடலோரத்தில் இந்த இரண்டையும் பிரிப்பது எளிதல்ல. வெள்ளம் நின்ற சுவரில் கோடு கிழித்தாற்போல ஒரே மட்டத்தில் கறை இருக்கும். தரையிலிருந்து ஓதம் ஏறிய சுவரிலோ ஈரம் ஏற்ற இறக்கமாகப் பரவி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிப்பதும் உண்டு. ஒரே சுவரில் எல்லாம் சேர்ந்திருந்தால், “இது போன வெள்ளத்துச் சேதம்தானே, அப்போதே பணம் வாங்கினீர்களே” என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார். ஒரே சேதத்துக்கு இருமுறை பணம் தரக்கூடாது என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

பதில் சொல்லத்தான் வழியில்லாமல் போகிறது. மேஸ்திரிக்குக் கூலியைக் கையில் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். கூலிக்கு ஜிஎஸ்டி பில் எங்கிருந்து வரும்? பில் இல்லை என்பதாலேயே வேலை நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். காப்பீடுதாரர் தம் கைமீறிய காரணத்தால் தர முடியாத ஆவணங்களைக் கேட்டு இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று, ஒரு வாகனத் திருட்டு வழக்கில், 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2024 ஜூன் சுற்றறிக்கையில், ஆவணம் இல்லை என்பதற்காக இழப்பீட்டை நிராகரிக்கக் கூடாது, வேண்டியதைப் பாலிசி தரும்போதே கேட்டு வாங்க வேண்டும் என்றது. அப்படியானால் வீட்டின் நிலையைத் தொடக்கத்திலேயே படமெடுத்து வைக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கும் உண்டு. வீடுவீடாகப் போனால் செலவு கூடி பிரீமியம் ஏறும் என்பார்கள். யாரும் போக வேண்டியதில்லை. உரிமையாளரே செல்பேசியில் எடுத்து அனுப்பினால் போதும்.

அதற்காக, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிட முடியாது. பூச்சைக் கொத்துமுன் ஒரு படம், கொத்தியபின் ஒன்று, பூசி முடித்ததும் ஒன்று. சிமெண்ட், பெயிண்ட் கடை ரசீது. ஜிபே செய்த கணக்கு. என்ன வேலை, எந்தத் தேதியில், எவ்வளவு கூலி என்று மேஸ்திரி எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள். ரசீது மை மங்கிவிடும், உடனே படமெடுத்து வையுங்கள். நிறுவனம் மறுத்தால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம், அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அங்கே வாய்வார்த்தையைவிட அந்த மேஸ்திரியின் தாளுக்கு மதிப்பு அதிகம்.