பள்ளத்தூர்ப் பாப்பா

தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவாவது நாடகம் இருக்கும். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'அரிச்சந்திரா' என்று ஏதாவது ஒன்று. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். நடிப்பவர்கள் எல்லோரும் ஒரே கம்பெனி ஆட்கள் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். ஒத்திகை பார்ப்பதில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, அரிதாரம் பூசி, விடியவிடிய ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். முருகனும் வள்ளியும் மேடைக்கு வருவதற்குள் நடுச்சாமம் ஆகிவிடும். அதுவரை கூட்டம் கலையாமல் கட்டிப்போட்டு வைப்பது இரண்டே பேர். பபூன் ஒருவர். நோட்டீஸில் 'டான்ஸ்' என்று போட்டிருக்கும் பெண் இன்னொருவர்.

அப்பத்தா மடியில் படுத்துக்கொண்டு பார்த்த நாடகங்கள் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அந்தப் பெண் வாயைத் திறந்தால் வந்த தூக்கம் போய்விடும். பபூன் ஒன்று கேட்டால் அவர் ஒன்பது சொல்வார். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மறுநாள் காலையில் அதே பெண் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு டீக்கடை ஓரம் நின்றால், ராத்திரி சிரித்த வாய்களே வேறு மாதிரிப் பேசும். 'கூத்தாடி' என்ற சொல் காதில் விழும். சின்ன வயதிலேயே எனக்கு அது உறுத்தியது. பின்னாளில், சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மதுரைப் பக்கம் வந்து இந்தக் கலைஞர்களோடு பழகி, அவர்கள்மேல் விழும் இந்தப் பழியைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதி 2005இல் வெளியிட்டார் என்று அறிந்தபோது ஆறுதலாக இருந்தது. யாரோ ஒருவராவது கவனித்திருக்கிறார்களே.

அந்த 'டான்ஸ்' பெண்களில் ஒருவர் நன்றாகப் பேசிவிட்டால் அப்பத்தா ஒரே ஒரு பாராட்டுத்தான் சொல்லும். "ஆச்சி கணக்கா பேசுறாடா."

ஆச்சி என்றால் நடிகை மனோரமா. வேறு விளக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

காரைக்குடிக்கு அருகில் உள்ள பள்ளத்தூர் இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 1985இல் மாவட்டம் பிரியும்வரை அது ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மனோரமாவை 'நம்ம ஜில்லாப் பொண்ணு' என்பார்கள். பிறந்தது என்னவோ மன்னார்குடியில், 1937 மே 26ஆம் தேதி. பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா, அம்மாவின் தங்கையையே இரண்டாவதாக மணந்துகொள்ள, அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையோடு வெளியேறிப் பள்ளத்தூர் வந்து சேர்ந்தார். அங்கே அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய் ரத்தவாந்தி கண்டது. பள்ளிக்கூடம் நின்றது. சிறுமி வீட்டுவேலைக்குப் போனாள்.

அந்தச் சமயத்தில் ஊருக்கு ஒரு நாடகக் குழு வந்தது. நாடகம் 'அந்தமான் காதலி'. சின்ன வேடம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருந்த நடிகை வராமல் போகவே, நன்றாகப் பாடுவாள் என்று இந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மேடையேற்றினார்கள். மனோரமா என்ற பெயரும் நாடகத்தில் கிடைத்ததுதான். சுற்றுவட்டாரம் அவரைப் 'பள்ளத்தூர்ப் பாப்பா' என்று கூப்பிடத் தொடங்கியது. பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் சேர்ந்தார். கலைஞர் கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' நாடகத்தில் நல்ல பெயர் கிடைத்தது. இடையில் ஒரு திருமணம். அது நிலைக்கவில்லை. ஒரு மகனையும் அம்மாவையும் தாங்க வேண்டிய பொறுப்பு இருபது வயதைத் தொடும் முன்பே அவர்மேல் விழுந்துவிட்டது.

சினிமாவில் முதலில் வந்த வாய்ப்புகள் பாதியில் நின்றுபோயின. 1958இல் 'மாலையிட்ட மங்கை' வெளிவந்தது. படத்தைத் தயாரித்தவர் கண்ணதாசன். அவரும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். அதில் அவர் கொடுத்தது நகைச்சுவை வேடம். மனோரமா தயங்கினார். கதாநாயகியாக நடித்தால் சில வருடங்கள்தான், சிரிக்க வைத்தால் காலமெல்லாம் இருக்கலாம் என்ற பொருளில் கவிஞர் சொன்னதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் கவிஞர் சொன்னதுதான் பலித்தது.

இவரை ஏன் இத்தனை வருடம் தமிழ்நாடு வீட்டு மனுஷியாகவே வைத்திருந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அவர் காது. ஒரு பெண் எந்த ஊர், என்ன தொழில், வீட்டில் அவளுக்கு என்ன மரியாதை என்பதை அவர் பேச்சிலேயே கொண்டுவந்துவிடுவார். மேக்கப், உடை எல்லாம் அதற்குப் பிறகுதான். வானொலியில் 'காப்புக்கட்டிச் சத்திரம்' என்ற தொடர் நாடகத்தில் செட்டிநாட்டுப் பேச்சு பேசி நடித்ததால்தான் வானொலி நிலையத்தில் 'ஆச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று அவரே சொன்னதுண்டு. நகரத்தார் வீடுகளில் பெண்களை மரியாதையாக விளிக்கும் சொல் அது. ஆச்சிமார் வாழும் ஊரில் வேலைக்காரச் சிறுமியாக நின்றவரைத் தமிழ்நாடு முழுவதும் ஆச்சி என்று அழைத்தது. எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நிறையும்.

ராமேஸ்வரம் கரையில் அந்தக் காலத்தில் இலங்கை வானொலிதான் துல்லியமாக எடுக்கும். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் அவர் மெட்ராஸ் பாஷையில் பாடிய பாட்டு அதில் வந்து வந்து, மெட்ராஸையே பார்த்திராத எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தப் பாஷையைப் பேசித் திரிந்தார்கள். 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் எத்துப்பல் வைத்துக்கொண்டு கொங்குத் தாயாக வந்தார். பல் சிரிப்பை வரவழைத்தது. ஆனால் மகனைப் பற்றிப் பேசும்போது அந்தப் பல் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

'தில்லானா மோகனாம்பாள்' அதே 1968இல் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய கதை. படமாக எடுத்த ஏ.பி.நாகராஜன் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். ஜில் ஜில் ரமாமணி யார் என்று அவருக்குத் தெரியும், மனோரமாவுக்கும் தெரியும். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்துபோகும் அந்த 'டான்ஸ்' பெண்தான் அவள். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மலைமலையாக நடிகர்கள் நிற்கும் படம். அதில் அவள் சொந்தக் காலில் நின்றாள். பெரிய வித்வானின் முன் அவள் காட்டும் பயபக்தி, தன்னையும் ஒரு கலைஞராக மதித்துப் பேச மாட்டார்களா என்ற ஏக்கம், அதை மறைக்கக் கொட்டும் பேச்சு. இழுத்து இழுத்துப் பேசும் அந்தத் தொனியைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். சிரித்து முடிக்கும்போது அவள்மேல் மரியாதை வந்திருக்கிறது. டீக்கடை ஓரம் நின்ற பெண்ணுக்கு எங்கள் ஊர் கொடுக்காத மரியாதை அது.

'நடிகன்' (1990) படத்தில் வரும் பேபியம்மாவைப் பற்றி இன்னும் நிறையப் பேர் எழுதியிருக்க வேண்டும். கல்யாணமே ஆகாமல் வயதாகிப்போன ஒரு பெண்மணி, கிழவர் வேடத்தில் வந்திருக்கும் இளைஞன் சத்யராஜ்மேல் ஆசை வைக்கிறார். மட்டமான கேலியாகப் போயிருக்க வேண்டிய விஷயம். அப்போது மனோரமாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் பெண்மணி வெட்கப்படுவதையும் அலங்காரம் செய்துகொள்வதையும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு உள்ள உண்மையோடு செய்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, உண்மை தெரிந்தால் இந்த மனசு என்ன ஆகும் என்ற பதைப்பும் கூடவே வரும்.

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) கண்ணம்மாவோ வீட்டு வேலைக்காரி. எஜமானர் குடும்பத்துக்காக நடிகர் கிஷ்முவோடு அவர் போடும் சண்டை இன்றைக்கும் கைத்தட்டல் வாங்கும். வேலைக்காரி என்றால் எங்கே நிற்பாள், எதைக் கேட்டு எதைக் கேட்காத மாதிரி இருப்பாள் என்பதைப் பள்ளத்தூரில் பட்டுத் தெரிந்துகொண்டவர் அல்லவா?

இங்கிலாந்தில் மார்கரெட் ரதர்ஃபோர்ட் என்று ஒரு நடிகை இருந்தார். தாடையும் கண்ணும் குரலுமாகவே ஆளைச் சிரிக்க வைத்துவிடும் குணச்சித்திர நடிகை. எழுபதைத் தாண்டிய பிறகு, 1964இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். மூன்று வருடம் கழித்து அந்த நாடு அவருக்கு 'டேம்' பட்டம் கொடுத்தது. நம் பக்கத்தில் அதே மாதிரி ஆளைச் சிரிக்க வைத்த மனோரமாவுக்கு 'புதிய பாதை' (1989) படத்துக்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. பத்மஸ்ரீ 2002இல். ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகம் எழுதிக்கொண்டது. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர்., ஜெயலலிதா என ஐந்து முதலமைச்சர்களோடு மேடையிலோ திரையிலோ நடித்த பெருமையும் உண்டு. 'பொம்பளை சிவாஜி' என்றும் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்ததே இல்லை. டி.ஏ.மதுரம், டி.பி.முத்துலட்சுமி, எம்.சரோஜா என்று சிரிக்க வைத்த பெண்கள் போட்ட பாதை ஒன்று அவருக்கு முன்னால் இருந்தது. அதில் நடந்து அவர்கள் எல்லோரையும்விடத் தூரம் போனவரை, ஓர் ஆண் நடிகரின் பெயரைக் கொண்டு ஏன் அளக்க வேண்டும்?

2015 அக்டோபர் 10ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார்.

இப்போதும் எங்கள் பக்கம் நாடகம் நடக்கிறது. அகலக் கட்டைகள் போட்ட மேடை, பக்கவாட்டில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்கிற தாளக்கருவிகள். போன திருவிழாவில் 'டான்ஸ்' பெண் இரண்டு மணி நேரம் பபூனோடு தர்க்கம் செய்தார். நடுவில், கூட்டத்தில் யாரோ கேட்டதற்காக ஜில் ஜில் ரமாமணி போல நாலு வார்த்தை இழுத்துப் பேசிக் காட்டினார். பாயில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். விடிந்ததும் துணிப்பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றவருக்கு, வயதான ஓர் அம்மா தன் வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார்.